அடுத்த வாசல் எது? பெரிய விமான நிலையத்தில் முதல்முறை புறப்படுபவர்களுக்கு

சென்ட்ரலில் ரயில் ஏறப் போகிறவருக்கு ஒரே கேள்விதான், எந்த பிளாட்பாரம்? அது தெரிந்தால் நேராக நடந்து போய்ப் பெட்டியில் உட்கார்ந்துவிடலாம், வழியனுப்ப வந்தவர்கூட ஜன்னல் வரை வந்து தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம். வெளிநாட்டு விமானத்தில் இது நடக்காது. வாசலுக்கும் விமானத்துக்கும் நடுவில் நாலைந்து சோதனைகள் இருக்கின்றன, அவற்றை நடத்துபவர்கள் வேறு வேறு ஆட்கள், கேட்பது வேறு வேறு காகிதம், ஒன்றைத் தாண்டி உள்ளே போய்விட்டால் பெரும்பாலும் திரும்பி வர முடியாது. முதல்முறை போகிறவர்களுக்குப் படபடப்பு வருவது கட்டிடம் பெரிதாக இருப்பதால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு என்னவோ, அடுத்து என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டி யாரும் சொல்லித் தராததால்தான் அந்தப் படபடப்பு வருகிறது என்று தோன்றுகிறது.

எனவே வரைபடத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம், வரிசை தெரிந்தால் போதும். இந்தியாவில் அந்த வரிசை இதுதான்: கட்டிட வாசல், செக்-இன், இமிக்ரேஷன், செக்யூரிட்டி, கடைசியில் கேட். வாசலில் நிற்கும் காவலருக்கு, இன்று இங்கிருந்து பறக்கப் போகிற ஆள்தானா நீங்கள் என்று தெரிய வேண்டும். செக்-இன் கவுன்டரில், நீங்கள் போகிற நாடு உங்களை உள்ளே விடுமா என்று பார்ப்பார்கள். இமிக்ரேஷனில், நீங்கள் இந்த நாட்டை விட்டுப் போகலாமா என்பது கேள்வி. செக்யூரிட்டிக்கு உங்கள் ஊர், விசா எதுவும் தேவையில்லை, உடம்பிலும் பையிலும் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான். கேட்டில், சரியான விமானத்தில்தான் ஏறுகிறீர்களா என்று பார்ப்பார்கள். எந்த இடத்தில் நின்றாலும் “எதை முடித்தேன், அடுத்தது எது” என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனால் எவ்வளவு பெரிய விமான நிலையத்திலும் தொலைந்து போக மாட்டீர்கள்.

சென்னையை வைத்தே விளக்குகிறேன். இடையிடையே சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் வரும், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் போய் வருகிற ஊர்கள் அவை, திரும்பி வரும்போது அங்கே இருந்தும் நீங்கள் புறப்படத்தானே வேண்டும்.

வீட்டில் இருக்கும்போதே பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று தேதி. சென்னையில் இருந்து கிளம்பும் வெளிநாட்டு விமானங்களில் நிறைய நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புபவை. டிக்கெட்டில் 12ஆம் தேதி 01:30 என்று இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 11ஆம் தேதி ராத்திரி. 12ஆம் தேதி பகலெல்லாம் மூட்டை கட்டிவிட்டு அன்று ராத்திரி போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். இது எங்கேயோ யாருக்கோ நடப்பது என்று நினைக்காதீர்கள், வீட்டுக் காலண்டரில் கிளம்பும் நாளையும் நேரத்தையும் பெரிதாக எழுதி வையுங்கள்.

இரண்டாவது டெர்மினல். சென்னையில் வெளிநாட்டு விமானங்களுக்கு டெர்மினல் 2, அதாவது 2023 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்ட புதுக் கட்டிடம். 1, 4 இரண்டும் உள்நாட்டு விமானங்களுக்கு. எல்லாம் ஒரே வளாகம் என்பதால் தவறான வாசலில் இறங்கிவிட்டாலும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்துவிடலாம். எல்லா ஊரிலும் இப்படி நடந்துவிட முடியாது. கோலாலம்பூரில் டெர்மினல் 1, 2 இரண்டும் தனித்தனி இடத்தில் இருக்கின்றன, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரயில் பிடிக்க வேண்டும். ரயிலுக்குள் 3 நிமிடம்தான், ஆனால் பெட்டியோடு இறங்கி டிக்கெட் எடுத்து ரயிலுக்குக் காத்திருந்து மறுபடி மேலே ஏறி வருவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். ஏர்ஏசியாவில் வந்தால் டெர்மினல் 2, மலேசியா ஏர்லைன்ஸ் என்றால் டெர்மினல் 1. துபாயில் இன்னும் சிக்கல், அங்கே டெர்மினல் 2 என்பது ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, டெர்மினல் 1, 3இல் இருந்து அங்கே போக சாலை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். எமிரேட்ஸ் என்றால் டெர்மினல் 3. ஃப்ளைதுபாய் சில விமானங்களை 2இல் இருந்தும் சிலவற்றை 3இல் இருந்தும் விடுகிறது, ஆகவே டாக்சியில் ஏறும்போது விமான நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் டிக்கெட்டைப் பார்த்து டெர்மினல் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதிலேயே இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரு நிறுவனத்தில் டிக்கெட் வாங்கியிருப்பீர்கள், பறப்பது வேறு நிறுவனத்தின் விமானமாக இருக்கும். கோட்ஷேர் என்பார்கள், ஒரே விமானத்துக்கு இரண்டு மூன்று எண்கள் இருக்கும். டிக்கெட்டில் “ஆபரேட்டட் பை” என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அங்கே யார் பெயர் இருக்கிறதோ அவர்களுடைய டெர்மினல், அவர்களுடைய கவுன்டர், பெரும்பாலும் லக்கேஜ் விதிகூட அவர்களுடையதுதான்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள். அதிகம் என்று தோன்றும். பின்பக்கமிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போது புரியும். விமானம் 01:30க்கு என்றால் கேட் 01:10க்கு மூடிவிடலாம், செக்-இன் கவுன்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், சில நிறுவனங்களில் சில ஊர்களுக்கு அதற்கும் முன்பே. அந்த நள்ளிரவு நேரத்தில்தான் சென்னையில் இருந்து வளைகுடாவுக்கும் கிழக்குப் பக்கமும் போகிற விமானங்கள் அடுத்தடுத்து இருக்கும், அதனால் வரிசையும் அப்போதுதான் நீளம். ஜிஎஸ்டி சாலை நெரிசலையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோ விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது, கூடுதல் வசதி. ஆனால் இரவு முழுக்க ஓடாது, விடிகாலை விமானத்துக்கு அதை நம்பிக் கிளம்பக் கூடாது.

சரி, வாசலுக்கு வந்தாயிற்று. விமானம் மேல்நோக்கி இருக்கும் படம் போட்ட பலகை புறப்பாட்டுக்கு, கீழ்நோக்கி இருந்தால் வருகைக்கு. உலகில் கிட்டத்தட்ட எல்லா விமான நிலையங்களிலும் இதே படங்கள்தான், மொழி தெரியாத ஊரிலும் இவற்றைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் 1967இல் பென்னோ விஸ்ஸிங் என்ற வடிவமைப்பாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். விமானம் ஏறுவதற்குத் தேவையான பலகைகளுக்கு மஞ்சள் நிறம், கடை, கழிப்பறை போன்றவற்றைக் காட்டும் பலகைகளுக்கு வேறு நிறம் என்று பிரித்துவிட்டார். அவசரத்தில் இருப்பவர் மஞ்சளை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடலாம். அதன் பிறகு பல நாடுகளில் இந்த வழக்கம் பரவியது. எந்த நிலையத்துக்குப் போனாலும் முதல் இரண்டு நிமிடம் நின்று, கேட்டுக்கும் செக்-இன்னுக்கும் வழிகாட்டும் பலகை என்ன நிறம் என்று கவனித்துவிட்டு, அப்புறம் அந்த நிறத்தை மட்டும் தேடுங்கள். விளம்பரமும் கடையும் நிறைந்த இடத்தில் கண்ணை அலையவிடாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்திய விமான நிலையங்களில் பயணி மட்டும்தான் உள்ளே போக முடியும். வாசலில் நிற்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர், அதாவது சிஐஎஸ்எஃப், பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்ப்பார். இரண்டிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். நம் ஊரில் இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு பாஸ்போர்ட் எடுப்பதும், டிக்கெட் போடும்போது இனிஷியலை மட்டும் கொடுப்பதும் சகஜம், டிக்கெட் எடுக்கும் அன்றே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அடிக்கச் சொல்லுங்கள். வழியனுப்ப வந்தவர்களிடம் விடைபெறுவது இந்த வாசலிலேயே முடிந்துவிடும். பாஸ்போர்ட், விசா, பணம், சார்ஜர் எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறதா, தம்பியின் தோள்பையில் இல்லையே என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

உள்ளே போனதும் தலைக்கு மேலே பெரிய திரை. அதில் ஊர் பெயரைத் தேடாதீர்கள், விமான எண்ணைத் தேடுங்கள். ஒரே ராத்திரியில் சிங்கப்பூருக்கு மூன்று நாலு விமானங்கள் இருக்கும். எண்ணுக்கு நேராக எந்த கவுன்டர் வரிசை என்று இருக்கும், அங்கே போய் நிற்க வேண்டியதுதான். ஆன்லைனில் செக்-இன் செய்து போர்டிங் பாஸ், அதாவது விமானம் ஏறும் சீட்டை, போனில் வைத்திருந்தாலும், பெட்டி இருந்தால் கவுன்டருக்குப் போகத்தான் வேண்டும், பெட்டி இல்லாவிட்டாலும் விசாவைச் சரிபார்க்கக் கூப்பிடலாம்.

விமான நிறுவன ஊழியர் ஏன் விசாவைத் துருவித் துருவிப் பார்க்கிறார் என்று சிலர் கோபப்படுவார்கள். காரணம் இருக்கிறது. நீங்கள் இறங்கும் நாட்டில் உங்களை உள்ளே விடவில்லை என்றால் உங்களைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பு அந்த நிறுவனத்தின் மேல்தான் விழும், பல நாடுகள் அதற்கு மேல் அபராதமும் போடும். அதனால்தான் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா, திரும்பி வர டிக்கெட் இருக்கிறதா, எங்கே தங்கப் போகிறீர்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். சிங்கப்பூருக்கு என்றால் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற இணையப் படிவத்தையும் கேட்கலாம், போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டியது, கட்டணம் கிடையாது. அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பெட்டியை எடுத்துக்கொண்டதும் சின்ன ஸ்டிக்கர் ஒன்றைப் போர்டிங் பாஸிலோ பாஸ்போர்ட்டிலோ ஒட்டித் தருவார்கள். அதிலிருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டை அங்கேயே நின்று படியுங்கள். சிங்கப்பூர் என்றால் எஸ்ஐஎன், துபாய் டிஎக்ஸ்பி, கோலாலம்பூர் கேயுஎல். வழியில் விமானம் மாறிப் போகிறீர்கள் என்றால் கடைசி ஊரின் குறியீடு அதில் இருக்க வேண்டும், நடுவில் மாறும் ஊர் மட்டும் இருந்தால் பெட்டியை அங்கே எடுத்து மறுபடி போட வேண்டுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

எதைப் பெட்டியில் வைப்பது, எதைக் கையில் வைப்பது என்பது வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை, ஆனால் கவுன்டருக்கு முன்னால் தரையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பவர் பேங்கும் தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. சரக்கு அறையில் பேட்டரி தீப்பிடித்தால் உடனே போய் அணைக்க ஆள் கிடையாது, பயணிகள் அறையில் என்றால் பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தை வாட் ஹவர் என்ற அளவில் சொல்வார்கள், 100 வாட் ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை, வழக்கமான 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட் ஹவர், அதனால் கவலை வேண்டாம். 100க்கு மேல் 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கூடவே கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் எமிரேட்ஸும் 2025 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கில் சார்ஜ் போடுவதையே தடை செய்துவிட்டன. போனை கேட்டிலேயே முழுக்கச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

ஊறுகாய், நெய், தேன், இட்லிப்பொடி குழைத்த எண்ணெய், அம்மா கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல், இவை எல்லாம் செக்யூரிட்டியின் கணக்கில் திரவம்தான். கைப்பையில் இருந்தால் போய்விடும். நன்றாக மூடி, இரண்டு உறை போட்டுப் பெட்டியில் வையுங்கள். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ச்சத்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடியது என்று அபாயப் பொருள் பட்டியலில் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். துபாய், சிங்கப்பூர் போகிறவர்கள் கசகசாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மசாலாப் பொட்டலத்தில் கலந்திருந்தாலும் சரி, அங்கே போதைப்பொருள் சட்டத்தில் அது சிக்கலாகிவிடும். டிரமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகளும் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை, மருந்துச்சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. அதோடு, வரிசையில் பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், “எனக்கு எடை கூடிப்போச்சு, இந்த ஒரு பையை மட்டும் உங்க கணக்குல போட்டுக்கிறீங்களா” என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். பையில் என்ன இருந்தாலும் சட்டத்தின் முன்னால் அது உங்களுடையது.

வயதான அப்பா அம்மா தனியாகப் போகிறார்கள் என்றால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். செக்-இன் கவுன்டரில் இருந்து ஒருவர் கூடவே வந்து இமிக்ரேஷன், செக்யூரிட்டி எல்லாவற்றையும் தாண்டி கேட் வரை கொண்டுபோய் விடுவார். நடக்க முடிகிறதே, எதற்கு என்று பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். முழங்கால் வலியோடு ஒரு கிலோமீட்டர் நடந்து, நடுவில் அரை மணி நேரம் வரிசையில் நிற்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது இமிக்ரேஷன். நம் ஆட்களுக்கு அதிக பயம் இங்கேதான். இந்தியக் குடிமக்கள் புறப்படும்போது நிரப்ப வேண்டியிருந்த அட்டையை 2017 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டார்கள், இப்போது பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் விசாவும் காட்டினால் போதும். அதிகாரி கேட்பது வழக்கமான கேள்விகள்: எங்கே போகிறீர்கள், எதற்கு, எத்தனை நாள், யார் வீட்டில் தங்குவீர்கள். கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லலாம், தயங்க வேண்டாம்.

வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் இதைக் கவனமாகப் படியுங்கள். பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஈசிஆர், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையில் இருக்கும். சவுதி, அமீரகம், குவைத், கத்தார், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போவதென்றால் இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி வாங்கியிருக்க வேண்டும், சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. ஏமாற்றுக்கார ஏஜென்ட் “சுற்றுலா விசான்னு சொல்லிடுங்க, அங்க போனதும் மாத்திக்கலாம்” என்பார். அந்த அனுமதி என்பது தொழிலாளியை ஏமாற்றிக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக 1983ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டத்தில் வந்த பாதுகாப்பு. கவுன்டரில் பொய் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டால் நஷ்டம் உங்களுக்கு, பொய் சொல்லித் தப்பித்துப் போய் அங்கே சம்பளம் வராமல் நின்றால் நஷ்டம் அதைவிடப் பெரியது.

அடிக்கடி போய் வருகிறவர்களுக்கு வேகமான வழி ஒன்று இருக்கிறது. ஃபாஸ்ட் டிராக் இமிக்ரேஷன் திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. முன்கூட்டி இணையத்தில் பதிந்து கைரேகையும் முகமும் கொடுத்துவிட்டால் தானியங்கி வாசல் வழியாகப் போய்விடலாம், இந்தியக் குடிமக்களுக்குக் கட்டணம் இல்லை.

சுங்கத்துறைக்கும் அந்தப் பக்கத்திலேயே இடம் இருக்கும். பெரும்பாலானவர்கள் நிற்கத் தேவையில்லை. ஆனால் அதிக நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள், விலையுயர்ந்த கேமரா மாதிரி எதையாவது கொண்டுபோய்த் திரும்பிக் கொண்டுவரப் போகிறவர்கள், ஏற்றுமதிச் சான்றிதழ் ஒன்றை அங்கே கேட்டு வாங்கிக்கொண்டால் திரும்பி வரும்போது இது இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்று காட்ட முடியும். இந்திய ரூபாய் 25,000 வரைதான் கையில் எடுத்துப் போகலாம்.

செக்யூரிட்டியில் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் வரிசையில் நிற்கும்போதே தயாராகிவிடுங்கள். லேப்டாப், பவர் பேங்க் வெளியே, சில்லறை, சாவி, பெல்ட் எல்லாம் தட்டில், தண்ணீர் பாட்டில் காலி. பெண்களுக்குத் தனி மறைப்புக்குள் பெண் காவலர்தான் சோதிப்பார், தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லும் வழக்கம் இல்லை. திரவம் ஒவ்வொரு குப்பியும் 100 மில்லி, எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் பையில் என்ற விதி 2006இல் வந்தது. அந்த ஆகஸ்டில் லண்டனில் இருந்து அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களைக் குளிர்பான பாட்டிலில் வைத்த வெடித்திரவத்தால் தகர்க்கும் சதி பிடிபட்டது, அதன் பிறகுதான் உலகம் முழுக்க இந்தக் கட்டுப்பாடு. எடின்பரோ போன்ற ஒருசில விமான நிலையங்களில் புது ஸ்கேனர் வந்து இந்த அளவைத் தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் வழியில் விமானம் மாறும் ஊரில் பழைய விதி இருந்தால் அங்கே பிடுங்கிவிடுவார்கள், அதனால் 100 மில்லி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிசை ஊருக்கு ஊர் மாறும். லண்டன் ஹீத்ரோவில் புறப்படும்போது இமிக்ரேஷன் கவுன்டரே கிடையாது, செக்-இன் முடித்ததும் நேராக செக்யூரிட்டி. சிங்கப்பூர் சாங்கியில் இமிக்ரேஷன் முதலில், செக்யூரிட்டி கடைசியில், டெர்மினல் 1, 2, 3இல் அது ஒவ்வொரு கேட் வாசலிலும் நடக்கும். இது தெரியாமல் கடைத்தெருவில் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொண்டு கேட்டுக்குப் போனால் அங்கே அதைக் கொட்டத்தான் வேண்டும். கேட்டுக்குள் போன பிறகு கடைக்கோ கழிப்பறைக்கோ வெளியே வந்தால் மறுபடி சோதனையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதால், எல்லாவற்றையும் முடித்துவிட்டு உள்ளே போங்கள். ஜுவல் கட்டிடத்தில் இருக்கும் 40 மீட்டர் அருவியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இமிக்ரேஷனுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும், அது வெளிப்பக்கத்தில் இருக்கிறது.

செக்யூரிட்டியைத் தாண்டியதும் முக்கால்வாசிப் பேர் தளர்ந்துவிடுவார்கள், விமானத்தைத் தவறவிடுவதும் பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். டியூட்டி ஃப்ரீ கடைகள் வளைந்து வளைந்து போகிற மாதிரி வழியை வைத்திருப்பார்கள், அதில் நேரம் போவதே தெரியாது. என் பழக்கம் என்னவென்றால், முதலில் கேட்டை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது, பிறகுதான் கடை, காபி எல்லாம். நடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று தெரிந்துவிடும், அப்புறம் நிம்மதியாக உட்காரலாம்.

கேட் எண்ணில் இருக்கும் எழுத்து வழி சொல்லும். சாங்கியில் ஏ, பி என்றால் டெர்மினல் 3, சி, டி என்றால் டெர்மினல் 1, இ, எஃப் என்றால் 2, ஜி என்றால் 4. முதல் மூன்றுக்கும் நடுவில் ஸ்கைடிரெயின் ஓடுகிறது, நாலாவது தனிக் கட்டிடம், பேருந்தில் போக வேண்டும். துபாய் டெர்மினல் 3இல் ஏ என்று தொடங்கும் கேட் வந்தால் ரயில் ஏறிப் போக வேண்டும், பி, சி என்றால் நடந்து. டெர்மினல் 1இல் டி கேட்டுகளுக்கும் ரயில்தான். கோலாலம்பூர் டெர்மினல் 1இல் சாட்டிலைட் என்ற தனிக் கட்டிடத்துக்கு ஏரோடிரெயின் என்ற ரயில். கேட்டுக்குப் போகும் ரயில் என்றால் அதற்கென்று கூடுதலாக இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள்.

போர்டிங் பாஸில் இரண்டு நேரம் இருக்கும், போர்டிங் நேரம் ஒன்று, புறப்படும் நேரம் ஒன்று. நீங்கள் மனதில் வைக்க வேண்டியது முதலாவதை மட்டும். அச்சடித்த கேட் எண் மாறலாம், சில நேரம் எண்ணே அச்சாகாமல் பின்னால்தான் திரையில் வரும். பல விமான நிலையங்களில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒலிபெருக்கியில் கூப்பிடுவதைக் குறைத்துவிட்டார்கள், யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை திரையை நீங்களே பாருங்கள்.

நீங்கள் வராவிட்டால் உங்களுக்காக விமானம் கொஞ்சம் காத்திருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. பெட்டி உள்ளே போய்விட்டதே, விட்டுவிட்டா போவார்கள் என்று கேட்பார்கள். உங்களை விட்டுவிட்டுத்தான் போவார்கள், அதற்கு முன் உங்கள் பெட்டியைத் தேடி இறக்கிவிடுவார்கள். 1985 ஜூன் 23 அன்று கனிஷ்கா என்ற ஏர் இந்தியா விமானம் அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடல் மேல் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள், குண்டு இருந்த பெட்டியை அனுப்பிய ஆள் அந்த விமானத்தில் ஏறவே இல்லை. பயணி ஏறாத விமானத்தில் அவருடைய பெட்டியும் போகக் கூடாது என்ற விதி அதன் பிறகுதான் இறுகியது. நீங்கள் காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது சரக்கு அறையில் ஊழியர்கள் உங்கள் பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்கள், மற்ற பயணிகள் எல்லோரும் உள்ளே காத்திருப்பார்கள்.

கேட்டில் கூப்பிடும்போது பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தைத் திறந்து, அதற்குள் போர்டிங் பாஸை வைத்துக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணையோ குழு எண்ணையோ சொல்லித்தான் கூப்பிடுவார்கள், உங்கள் எண் வரும் வரை உட்கார்ந்தே இருக்கலாம், இருக்கை எங்கேயும் போகாது. பாஸை ஸ்கேன் செய்ததும் நீண்ட பாலம் வழியாகவோ, சில கேட்டுகளில் கீழே இறங்கிப் பேருந்திலோ விமானத்துக்குப் போவீர்கள். பாலம் இரண்டாகப் பிரிந்தால் பலகையில் இருக்கும் வரிசை எண்களைப் பாருங்கள், வாசலில் நிற்கும் பணிப்பெண்ணிடம் பாஸைக் காட்டினால் எந்தப் பக்கம் என்று கை காட்டுவார். 34ஏ என்றால் 34ஆவது வரிசையில் ஜன்னல் ஓர இருக்கை.